வலக்கன்னம்

முதலில் மஞ்சள் பால் வடிய வேண்டும்.
வெட்டிய மடலை டம்ளரில் நிமிர்த்தி
ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் விட்டுவிடுகிறேன்.
அவசரப்பட்டால் அரிக்கும்.
ஒருதரம் அரித்து
மூன்று நாள் முந்தானையால் மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

விடிந்ததும் முள் சீவி, தோல் உரித்து
ஏழு தண்ணீர் கழுவினால்
கெண்டைக் குஞ்சாய்க் கையில் நழுவும் ஒரு துண்டு.
அதைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு சோறு வடிக்கிறேன்.
காயக் காயத் தோல் இழுக்கும்,
அப்போது சிரிக்கக் கூடாது.
சிரிக்க வைக்கிற ஆள் யாரும்
அந்நேரம் எழுந்திருப்பதில்லை.

மங்கு வலக்கன்னத்தில் மட்டும்தான்.
மாடிவீட்டு கோமளவல்லி
மங்கு சனி என்றாள்,
அடுத்தது பொங்கு சனிதான், விடு என்றாள்.
எனக்குக் காரணம் தெரியும்.
வலங்கைமானிலிருந்து கும்பகோணத்துக்கு
இருபத்திரண்டு வருஷம்
டிரைவருக்குப் பின்சீட், ஜன்னலோரம்.
காலையில் வடக்கே போகிறேன்,
வெயில் வலப்பக்கம்.
சாயங்காலம் தெற்கே திரும்புகிறேன்.
அதற்குள் அது மேற்கே போய்
முடிகொண்டான் பாலத்தில் காத்திருக்கும்,
மறுபடி வலப்பக்கம்.
இடப்பக்கம் மாறி உட்கார்ந்திருக்கலாம்.
இருபத்திரண்டு வருஷமாய்த் தோன்றவில்லை.

வேலை, ஸ்டூடியோவில் முகம் துடைப்பது.
மவுஸைப் புள்ளிமேல் நிறுத்தி
பக்கத்துத் தோலில் கொஞ்சம் கடன் வாங்கி
ஒரு சொடுக்கு.
பாஸ்போர்ட், வரன் ஜாதகத்துக்கு, ஃபிளெக்ஸ் பேனருக்கு,
யாராயிருந்தாலும்
நாற்பது வருஷ வெயில் நாலு நொடியில் போய்விடும்.
கற்றாழைக்கு ஆறு மாசம் என்றார்கள்.
எனக்கு எட்டு முடிந்தது.
போகவில்லை என்று சொல்ல மாட்டேன்,
போனது என்றும்.
டிக்காஷன் நிறம் டீ நிறமாகியிருக்கிறது,
இல்லை, கண்ணாடிக்கு வயதாகிவிட்டது.

போன ஆனியில்,
மேட்டூர் திறந்தும் வாய்க்காலுக்குத் தண்ணீர் வராத வாரம்,
தொழுவூர் காத்தமுத்து படம் வாங்க வந்தார்.
பதினாறாம் நாளுக்கு மாலை போட வேண்டிய படம்.
வெகுநேரம் பார்த்தார்.
"இது செல்லக்கிளிக்குத் தங்கச்சி மாதிரி இருக்கு."
நல்லாத்தானே இருக்கு என்றார் முதலாளி.
"நல்லாத்தான் இருக்கு.
அவளுக்குத் தங்கச்சி கிடையாதுங்க."

தன் கன்னத்து எலும்பைத் தொட்டுக் காட்டினார்.
இங்கே ஒண்ணு, புளியங்கொட்டை அளவு.
கீழே தெறிச்சாப்போல மூணு.
நடவுக்குக் குனிஞ்சா வெயில் முதுகுலதானே விழும்,
மூஞ்சிக்கு எப்படி வரும்னு கேப்பா.
தண்ணியில பட்டுத் திரும்பி வருதுடின்னு சொல்லுவேன்.

அசல் படம் என்னிடம் இல்லை.
இடம் போதவில்லை என்று முதலாளி
வாராவாரம் அழிக்கச் சொல்வார்.
துடைத்தே பழகிய கைக்கு
ஒரு புள்ளி வைக்க அரைமணி ஆனது.
அவர் முதுகுக்குப் பின்னால் நின்று
மேலே, இன்னும் மேலே,
இவ்வளவு உருண்டையா இல்லீங்க என்றார்.
உரு வந்துவிட்டது. நிறம் வரவில்லை.
அவள் முகத்தில் மிச்சமிருந்ததெல்லாம்
நான் வெளுத்த தோல்.

என் பாஸ்போர்ட் ஃபோட்டோ ஒன்று அதே கணினியில்,
துடைக்காதது.
திறந்தேன்.
வலக்கன்னத்தில் தொட்டு
அவள் கன்னத்தில் வைத்தேன்.

"ஆங்," என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
பாக்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு
படத்தைத் துண்டில் சுற்றி
நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

அன்று பஸ்ஸில் இடப்பக்கம் ஒரு சீட் காலி.
பார்த்தேன்.
பின்சீட்டிலேயே போய் உட்கார்ந்தேன்,
பழக்கம்தான், வேறொன்றுமில்லை.

கற்றாழையை நிறுத்தவில்லை.
கண்ணெரிச்சலுக்கு அந்தக் குளிர்ச்சி வேண்டியிருக்கிறது.
இங்கே ஒருநாள் முழுக்க மறைந்தாலும் மறையட்டும்.
தொழுவூரில் ஏதோ ஒரு சுவரில்
என் மங்கு
மாலை போட்டுக்கொண்டு இருக்கிறது.
நடவு முடிந்து வருகிற யாரோ
அதைச் செல்லக்கிளி என்று கும்பிடுகிறார்கள்.

டம்ளர் அடியில் மஞ்சள் பால்
அரை விரல் சேர்ந்திருக்கிறது.
இன்னும் வடியட்டும்.